உமாராணி ஊத்துன தண்ணி

ஜோஸ்வின் அப்பா,

பிள்ளைக்கு ஊசி போட கோவில்பட்டி போறேன். கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் இருக்கு, சாப்பிடுங்க.

பிள்ளை ஞானஸ்நானத்துக்குப் பக்கத்து வீட்டு உமாராணியை ஞானத்தாயா நிறுத்துவோம்னேன். "இந்துக்காரி, அவளுக்கும் நம்ம கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?"னு நேத்து கத்துனீங்கள்லா? காலையில பூசை முடிஞ்சு பங்குச் சாமியார்ட்ட கேட்டேன். அவ நிக்க முடியாதுதான். நம்ம சபையில உறுதிபூசுதல் வாங்குனவதான் நிக்கணுமாம், உங்கக்கா அஞ்சலினே நிக்கட்டும்.

ஆனா பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு மூச்சு திணறுனப்ப, எந்திரிக்க முடியாத நான் சொல்லச் சொல்ல, உமாராணிதானே தலையில தண்ணி ஊத்தி, "தந்தை, மகன், தூய ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கேன்"னு சொன்னா? அந்த ஞானஸ்நானம் செல்லுமாம். ஞாயித்துக்கிழமை கோயில்ல மிச்சச் சடங்கா எண்ணெய் பூசி, வெள்ளைத்துணி போடுவாவ. திரும்பத் தண்ணி ஊத்த மாட்டாவளாம்.

ரூபி

மத்தியானம் அவ பிள்ளைச் சட்டையைத் தச்சுக் கொண்டு வருவா. நேத்து நீங்க கத்துனப்ப வாசல்லதான் நின்னா. என்ன சம்பந்தம்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க.