நீலமா, மஞ்சளா?

என் பாசமுள்ள அண்ணாவுக்கு,

கடைசிவரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அந்தக் கேள்விக்கு இன்று பதில் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் நீங்கள் கண்மூடிய எட்டாம் நாள், உங்கள் எட்டுச் செலவன்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் ஆய்வுக்காக ஊசி போட்ட உங்கள் பட்டிப் பன்றிகளை அறுக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அதனால் உங்களுக்குப் படைக்க அண்ணி வெளியில் பன்றி இறைச்சி வாங்கினார். அதைக் கழுவிய தண்ணீரைக் குசினிக் கழிவோடு சேர்த்து, வழக்கம்போலப் பட்டித் தொட்டியில் ஊற்றிவிட்டார். நான் முற்றத்தில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன்.

நோய்ப்பட்ட பன்றியின் பச்சை இறைச்சியில், பன்றிகளை மட்டும் கொல்லும் பன்றிக் காய்ச்சல் வைரஸ் உயிரோடு இருக்கும். அடுத்த கிழமை ஒரு பன்றி தீன் எடுக்கவில்லை. இரத்தத்தைச் சோதித்ததில் அதே காய்ச்சல். ஓர்ஸ் ஹில்லிலிருந்து மிருக வைத்தியர் வந்து, பட்டியை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"நான்தானே ஊத்தினனான். இதுகளும் போனா பிள்ளையளை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" என்று அண்ணி அழுதார்.

"அழாதேங்கோ அண்ணி. அரைவாசிக்கு மருந்து ஏறியிருக்கு."

"எந்த அரைவாசி?"

உங்கள் கேள்விதான்!

வைரஸின் மேலுறையில் உள்ள ஒரேயொரு புரதத்தை ஆய்வுகூடத்தில் பூச்சியின் உயிர்க்கலங்களில் வளர்த்துத் தடுப்பூசியாக்குகிறோம், அதில் வைரஸே இல்லை என்று உங்களுக்கு விளக்கியது நினைவிருக்கிறதா? "அப்ப காய்ச்சலின்ர சட்டையைக் கழட்டிக் காட்டிப் பண்டியைப் பழக்கிறியள்" என்று சிரித்தீர்கள். காதில் ஒரு நிறத் தோடு குத்தியவற்றுக்கு அந்த மருந்து, மற்ற நிறத்துக்கு வெறும் கரைசல். எது எதற்கென்று கண்டியிலிருக்கும் பேராசிரியருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் நம்பவில்லை. "உனக்குத் தெரியும். அண்ணனுக்கு ஒளிக்கிறாய். என்ர கறுப்பிக்காவது நல்லதைப் போடு பிள்ளை" என்றீர்கள். சீட்டுக் குலுக்கியதில் உங்கள் செல்லப் பன்றி கறுப்பிக்கு மஞ்சள் விழுந்தது. அம்மனின் நிறம் என்று உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!

பேராசிரியர் முடிவு தெரியும்வரை நிறத்தைச் சொல்ல மறுத்தார். அதுதான் சரி என்று வாயால் சொல்லிவிட்டு மனதுக்குள் திட்டினேன். ஒவ்வொரு விடியலிலும் தெர்மாமீற்றரோடு பட்டிக்குள் போவேன். மஞ்சள் தோடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. நீலத் தோடுகள் தொட்டியை இடித்துக்கொண்டு தின்றன. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மற்றவை துள்ளி எழும்பும். கறுப்பி உங்கள் சைக்கிள் மணிக்குத்தானே எழும்புவாள்? அவள் விழுந்த அன்று அந்த மணியை அடித்துப் பார்த்தேன். தலையை மட்டும் தூக்கி வாசலைப் பார்த்தாள். யாரைத் தேடினாளோ?

இன்று காலை பேராசிரியர் போன் எடுத்தார். "நீலம்தான் மருந்து, பிள்ளை. வேலை செய்திருக்கு."

"ஓம் சேர்" என்றேன். எத்தனை வருடமாகக் காத்திருந்த செய்தி! முதலில் அழுகைதான் வந்தது அண்ணா. பிறகு சந்தோஷமும் வந்தது, அது எனக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணி இப்போது எதையும் கொதிக்க வைக்காமல் தொட்டியில் ஊற்றுவதில்லை. போய்ச் சேர்ந்த கறுப்பியின் மகள் நீலத் தோட்டோடு சினையாக நிற்கிறாள். அவள் ஈனும் ஒரு குட்டிக்கும் வெறும் கரைசல் போடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

எது மருந்தென்று அன்றைக்கு எனக்கு உண்மையாகவே தெரியாதண்ணா. இப்போதாவது நம்புவீர்களா?

உங்களுக்கு ஒன்றையும் ஒளிக்காத,
தங்கச்சி
அன்புவழிபுரம்