மூடி கழற்றிய மெஷின்

6.10.2003, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஷட்டர் தூக்கினதிலேயே கையெல்லாம் ஈரம். நன்றாகத் துடைத்த பிறகுதான் சுவிட்ச் போர்டு பக்கம் போனேன்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் மெஷின்கள் மேல். ட்ரில் சுவிட்சில் காய்ந்து கெட்டியாகி, அழுத்தினால் திரும்பி வரவில்லை. அப்படியே வாடகைக்குப் போயிருந்தால் விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் பொட்டு பெட்டி மேல் மட்டும், மெஷின் மேல் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கண்டக்டர் வேலைக்குப் போய் இத்தனை வருஷமாகியும் விசிலுக்குக்கூடப் பொட்டு வைக்கிற ஆள். கேட்பாரா தெரியாது.

இன்று:
பெரிய கட்டிங் மெஷின், மோட்டார் கார்பன் தேய்ந்தது, மாற்றியாச்சு.
மார்பிள் கட்டர், பிளக் கிட்ட வயர் வெடிப்பு. வெட்டிவிட்டுப் புதுசாக மாட்டினேன்.
வாங்க: துவரம்பருப்பு. கொசுவத்தி.

மதியம் ஏழுமலை சின்ன கட்டிங் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தான். தேவிகாபுரத்து ஆசாரி. தேவிகாபுரம் ரோட்டில் புதுசாகக் கட்டுகிற விசைத்தறி ஷெட்டுக்கு ஜன்னல், கதவு எல்லாம் அவன்தான். சக்கரத்துக்கு மேல் வருகிற இரும்பு மூடியைக் காணோம்.

"மூடி எங்கபா?"

"பையில கீதுக்கா. அது இருந்தா கோடு தெரியல."

உள்ளே ஊதினேன். மரத்தூள். "பல் பிளேடு மாட்டினியா இதுல?"

சிரித்தான். இரும்பு, கல் அறுக்கிற மெஷின் அது. மரத்துக்கான பல் பிளேடை மாட்டினால் ஒரு கணு வந்தால் போதும், கவ்விக்கொண்டு கையை விட்டுத் துள்ளும். அவனுக்கும் தெரியும். கண்ணாலேயே மட்டம் பார்க்கிற வேலைக்காரன். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பு.

"மூடிய கழட்டினா இனிமே உனுக்கு என் மெஷின் கிடையாது ஏழுமலை."

"ஆரணியில வேற கடையே இல்லையாக்கா?"

கோபமில்லாமல்தான் கேட்டான். கோபமில்லாமல்தான் போனான்.

7.10.2003, செவ்வாய்

நல்ல மழை. பத்து மணிக்குக் கரண்ட் போனது, மூன்றுக்கு வந்தது. அதற்குள் எல்லா பிளக்கையும் ஒரு தடவை பார்த்தாச்சு.

ஏழுமலை வேறு கடையில் மெஷின் எடுத்துவிட்டானாம். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். டீக்கடையில் என் காதுபடவே: "அந்தம்மா கடைக்குப் போனா பரீட்சை வெச்சிட்டுத்தான் மெஷின் குடுக்கும்." சரி, வைக்கிறேன். பாஸ் ஆகட்டும்.

சாயந்திரம் அவர்: "மெஷின் உன்னுது, கை அவனுது. உனக்கு இன்னா பேஜாரு?"

"மெஷின் என்னுது. அதனாலதான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காபி நன்றாக இருந்தது என்றார்.

மூடி கழற்றினால் மெஷின் கிடையாது என்று சிலேட்டில் சாக்பீஸால் எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டேன். எழுத்து கோணல்தான். படிக்க முடிகிறது.

8.10.2003, புதன்

தூறல். கடை திறந்ததும் முதல் ஆள் ஏழுமலை சம்சாரம் கன்னியம்மா. இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. குடை இல்லை, முழுக்க நனைந்து வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மெஷின்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடி போட்ட மெஷின் ஒண்ணு வேணும்க்கா. எம் பேருக்கு எழுதிக்கோ."

"உனுக்கு எதுக்கு?"

"அவுரு அறுக்கறாரு. பலகைய நான்தான் புடிச்சிகினு நிக்கறேன்."

இது எனக்குத் தெரியாது. அறுக்கிறவன் கையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே பலகை முனையில் இன்னொரு ஆள் என்று தோன்றவே இல்லை.

பையிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் காட்டினாள். முந்தானை கயிறு மாதிரி முறுக்கிக் கிழிந்திருந்தது. நேற்று குனிந்தபோது பிளேடு சுற்றி இழுத்துவிட்டதாம். விரலை எடுத்தாலும் ஓடுகிற மாதிரி பட்டனை லாக் பண்ணி வைத்திருக்கிறான் ஏழுமலை. கொத்தனார் ஒருத்தர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கியிருக்கிறார்.

"ஏழுமலை இன்னா சொன்னான்?"

"ரொம்ப பயந்துட்டாரு. அப்புறம் புடவைய இழுத்துக் கட்டுன்னாரு."

கட்டியிருக்கிறாள். இறுக்கமாக, இடுப்பில் செருகி.

"நீ போ. நாளைக்கு நானே வர்றேன்."

"நான் வந்தேன்னு சொல்லாதக்கா."

இன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஐ.டி.ஐ.யில் என் கூடப் படித்தவர்கள் எல்லாம் பையன்கள். ஒர்க்ஷாப்பில் சார் முதலில் சொன்னது மெஷினைப் பற்றி இல்லை, என் தாவணியைப் பற்றி. அப்போது எரிச்சலாக இருந்தது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

9.10.2003, வியாழன்

வெயில். அவருக்கு இன்று லீவு, கடையைப் பார்த்துக்கொண்டார். ஆட்டோவில் ரம்ப மெஷினை ஏற்றினேன். மரத்துக்கென்றே செய்தது. அறுக்கும்போது மூடி தானே விலகும், முடிந்ததும் தானே வந்து பல்லை மூடும். கூடவே கிளாம்ப் நாலு, எர்த் வைத்த நீட்டு வயர், டெஸ்டர்.

ஷெட்டில் தரையெல்லாம் ஈரம். சாக்கெட்டில் பிளக்கே இல்லை. வயரைச் சீவி உள்ளே விட்டு, இரண்டு தீக்குச்சி செருகியிருந்தது. எர்த் வயரை நறுக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிங் மெஷின் பலகை மேல் கிடந்தது, பழைய இரும்பு பாடி. கன்னியம்மா வெறுங்காலோடு பக்கத்தில்.

"இன்னாக்கா, இந்தப் பக்கம்?" ஏழுமலை.

டெஸ்டரை எடுத்து மெஷின் உடம்பில் வைத்தேன். எரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"லேசா சுர்ருங்கும்க்கா. எல்லா மெஷினும் அப்டித்தான்."

"எல்லா மெஷினும் அப்டி இல்ல. உள்ள கார்பன் தூளு அடைஞ்சிகினு பாடிக்கு கரண்ட் வருது. போவறதுக்கு எர்த்து வயரு இல்ல. அடுத்து அது எங்க போவும்?"

"அப்பவே சொன்னேனே," என்றாள் கன்னியம்மா. "பலகை ஈரமா இருந்தா எனக்கும் சுர்ருங்குதுன்னு."

ஏழுமலை அவளைத் திரும்பிப் பார்த்தான். நான் போய் மெயினை அணைத்தேன்.

ஷெட்டில் எல்லா வேலையும் நின்றது. ஓனர் வெளியே இருந்து ஓடி வந்தார். புடவை வியாபாரி, என் அப்பா தறி நெய்த காலத்திலிருந்து தெரிந்தவர்.

"யாரும்மா மெயின அணைச்சது? தறி வர்ற நேரம். ஜல்தியா முடிக்கணும்."

"நான்தாங்க. இந்த மெஷின்ல ஷாக் அடிக்குது. உங்க ஷெட்ல, உங்க கரண்ட்ல."

"இதுவரைக்கும் எதுவும் ஆகலையே."

"ஆகறதுக்கு முன்னாடி வந்துட்டேங்க."

என்னையும் டெஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "என்ன பண்ணணுமோ ஜல்தியா பண்ணு" என்றார்.

பண்ணினேன். அந்தக் கட்டிங் மெஷினை ஓரம் வைத்துவிட்டு, என் ரம்ப மெஷினுக்கு மூணு பின் பிளக், எர்த். வயரைத் தரையில் போடாமல் ஆணியில் மாட்டினேன். பலகையைக் கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்கினதும் கன்னியம்மாவின் கைக்கு வேலை இல்லாமல் போனது. என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஏழுமலைக்குத்தான் முகம் மாறியது. "கிளாம்ப் போட்டு, எடுத்து, போட்டு. எப்ப முடியும் இது?"

பொய் சொல்லவில்லை. மெதுவாகத்தான் போனது. நேற்றைக்குப் பாதிதான் ஆகியிருக்கும். சாயந்திரம் அவன் உளியைப் பையில் போட்டான். "எல்லாரும் பாக்க எனக்கு கிளாஸ் எடுத்துட்ட. நாளைக்கு நீயே வந்து அறுத்துக்கக்கா."

எல்லார் முன்னாலும் செய்திருக்க வேண்டாம் என்று வரும் வழியில் தோன்றியது. ஆனால் டெஸ்டர் எல்லார் முன்னாலும்தானே எரிந்தது.

10.10.2003, வெள்ளி

ஏழுமலை வரவில்லை. கன்னியம்மா மட்டும் பஸ்ஸில் வந்து, ஷெட் வாசலில் எனக்காக நின்றாள்.

"ராத்திரி பேசல. காத்தால எழுந்து வெளிய போய்ட்டாரு. வேல போச்சின்னா சோத்துக்கு இன்னாக்கா பண்றது?"

ஓனர் அதற்குள் வேறு ஆசாரிக்குச் சொல்லியனுப்பப் பார்க்கிறார். அவரிடம் இரண்டு நாள் கேட்டேன். "யார் அறுப்பாங்க?" என்றார்.

"நான் அறுக்கறேங்க," என்று சொன்னது நான் இல்லை. கன்னியம்மா.

அவள் அளவெடுப்பாள், கோடு போடுவாள். இத்தனை வருஷமாகப் பலகை பிடித்தவளுக்கு எங்கே கணு, எங்கே நார் என்று தெரியாதா? தெரியாதது மெஷின் மட்டும்தான். கண்ணில் தூள் விழாமல் இருக்கக் கண்ணாடி கொடுத்தேன். பின்னலைக் கொண்டை போடச் சொன்னேன். கையுறை கேட்டாள், வேண்டாம் என்றேன். சுற்றுகிற பல்லில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

முதல் வெட்டு பாம்பு போன மாதிரி. மெஷினைத் தள்ளப் பார்த்தாள். "தள்ளாத. அது போற வேகத்துக்கு நீ கூட போ." இரண்டாவதும் கோணல். மூன்றாவதில் நடுவில் இறுகி நின்றது, சத்தம் மாறியது. நான் வாய் திறப்பதற்குள் விரலை எடுத்துவிட்டாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் குனிந்து பார்த்தாள். யாரும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். எழுதத் தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் வெட்டு நேராக விழுந்தது. கொத்தனார் வந்து விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். "ஏழுமலை வெட்டு மாதிரியே கீது," என்றார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த பலகையை எடுத்தாள்.

அவருக்கு ராத்திரி தோசை மட்டும். மாவு புளித்துவிட்டது.

11.10.2003, சனி

புரட்டாசி கடைசி சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டுப் போக நேரமாகிவிட்டது. பஸ்ஸில் கோவிந்தா சத்தம்.

நான் ஷெட்டுக்குப் போனபோது மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நான் இல்லாமலே ஆரம்பித்துவிட்டாள். கத்த வாயெடுத்தேன். அப்புறம் பார்த்தேன். கிளாம்ப் இறுக்கம். வயர் ஆணியில். காலில் செருப்பு, ஏழுமலையுடையது, இரண்டு சைஸ் பெரிசு. வாசலிலேயே நின்றேன்.

பத்து ஜன்னலுக்குக் குறையாமல் சட்டம் அறுத்துச் சாய்த்து வைத்திருந்தாள். தறி திங்கட்கிழமை வருகிறதாம். அதற்குள் முடிந்துவிடும் போல. ஓனர் வேறு ஆசாரி பேச்சை எடுக்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஏழுமலை. கையில் தூக்குச்சட்டி. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போனான். சாய்த்து வைத்த சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஒன்றைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்து மட்டம் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

அப்புறம் மேஜை பக்கம் போனான். அறுபடுகிற பலகையின் முனை லேசாக ஆடியது. பிடிக்கிறதுக்குக் கையை நீட்டினான்.

"தொடாத," என்றாள் கன்னியம்மா. தலை தூக்கவில்லை. "மெஷின் ஓடுது. தள்ளி நில்லு."

கொத்தனார் கலவை கலக்குவதை நிறுத்தினார். நானும் ஒரு அடி முன்னால் போய் நின்றுகொண்டேன்.

ஏழுமலை தள்ளி நின்றான்.

அவள் கோட்டின் கடைசிவரை அறுத்தாள். விரலை எடுத்தாள். பல் நிற்கிறவரை அப்படியே பிடித்திருந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லு. இன்னா?"

"சோறு எடுத்தாந்தேன்," என்றான்.