காபி ஆறுவதற்குள் ஒரு தீர்மானம்

ஸ்க்ரான்டன், மார்ச் 3

அன்புள்ள லொரெய்னுக்கு,

நலம்தானே? சட்டமன்றத்தில் நீ கொண்டுவரும் சட்ட வரைவைச் செய்தித்தாளில் இருமுறை படித்தேன். அரசு உரிமத்தில் தனிக் குழு நடத்தும் சார்ட்டர் பள்ளியில், நிர்வாகக் குழு மறைவில் முடிவெடுத்தால் அந்தப் பள்ளியின் உரிமம் புதுப்பிக்கப்படாதாம். யாரை மனத்தில் வைத்து எழுதினாய்? எங்கள் உரிமம் ஜூனில் முடிகிறது. குழுத் தலைவி நான்.

எங்களிடம் ஒளிவுமறைவு இல்லை. ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோவில் நிலவறையில் காபியும் டோனட்டும் சாப்பிடும்போதே குழுவினர் ஐந்து பேரும் பேசி முடித்துவிடுவோம். பள்ளி விட்ட பின் பிள்ளைகள் தங்கும் மாலை வகுப்பை நிறுத்துவதென்று போன வாரம் காபி ஆறுவதற்குள் தீர்ந்தது. செவ்வாய்க் கூட்டத்தில் கை தூக்கினோம்; ஒரு கூச்சல் இல்லை. கன்னியர் மடத்தில் என்னை அப்படித்தான் வளர்த்தார்கள்.

அந்தப் பிரிவை எடுத்துவிடு. உன் அண்ணன் இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார்.

அன்புடன்,
அண்ணி பெர்னடெட்

ஹாரிஸ்பர்க், மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

யாரை மனத்தில் வைத்து எழுதினேன் என்று, உங்கள் கடிதம் வரும்வரை எனக்கே தெரியாது.

கிடங்கில் ஆறு மணிவரை வேலை பார்க்கும் பெற்றோர் உங்கள் டோனட் மேசைக்கு எப்படி வருவார்கள்? அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி அது. பிரிவை எடுக்க மாட்டேன். தீர்மானத்தை ரத்து செய்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் பேசுங்கள். இல்லையென்றால் ஜூனில் உங்கள் பள்ளிக்காக நான் வாய் திறக்க முடியாது.

ஈஸ்டருக்கு வரலாமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உங்கள்,
லொரெய்ன்

ஸ்க்ரான்டன், மார்ச் 25

லொரெய்ன்,

'அன்புள்ள' விட்டுப்போனது மறதியல்ல.

நேற்று மாலை பள்ளி விளையாட்டுக் கூடத்தில், கதவெல்லாம் திறந்துவைத்துக் கூட்டம் நடத்தினோம். கிடங்குச் சீருடையோடு ஒரு தாய் எழுந்தாள்.

"ஏம்மா தலைவரே, டோனட்டைக் கடிச்சுக்கிட்டே எங்க பிள்ளைங்கள ரோட்டுல விட்டுட்டீங்களே! எங்களுக்கும் ஒண்ணு நீட்டியிருந்தா வந்து பேசியிருப்போமில்ல?"

கூடமே சிரித்தது. உட்காரச் சொன்னேன்.

"நாள் பூரா நிக்கிறவதான். நின்னே கேக்குறேன், சொல்லுங்க."

தீர்மானத்தை மறுபடி குழுவின் வாக்குக்கு விட்டேன். மாலை வகுப்பு பிழைத்தது. எதிர்த்து நான் ஒருத்திதான் கை தூக்கினேன். எல்லோரும் பார்க்கத் தூக்கினேன்.

உன் பிரிவு இருக்கட்டும். ஜூனில் உரிமம் பற்றிக் கேட்கும்போது, நடந்ததை நடந்தபடி சொல், டோனட்டையும் சேர்த்து. அதற்காக உரிமம் போனால் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சொல்.

ஈஸ்டர் விருந்து சரியாக ஒரு மணிக்கு. தாமதித்தால் ஆறின சாப்பாடுதான்.

அண்ணி