நன்றி சொல்லக் கூடாத செடி

அன்புள்ள தங்கைக்கு,

இன்று காலை புல்லெல்லாம் உறைபனி. நல்லவேளை, அம்மாவின் ஜெரேனியம் பூந்தொட்டியை நேற்றே உள்ளே எடுத்துவிட்டேன். தூக்க வந்த பக்கத்து வீட்டு எஸ்கில், "இதெல்லாம் ஒரு கோடைக்கான பூதான் அக்கா. குப்பையில போட்டுட்டு அடுத்த வருஷம் புதுசா வாங்கிக்கலாமே" என்றான். அம்மா இருந்திருந்தால் அவனையே குப்பையில் போட்டிருப்பாள்.

நீ கல்யாணமாகி ஸ்டாக்ஹோம் போன வருஷம் ஞாபகமிருக்கிறதா? அம்மா இதில் ஒரு கிளை ஒடித்துக் கொடுத்ததும், "நன்றிம்மா" என்றாய். அவள் பதறிப்போனாள்.

"செடி கொடுத்தா நன்றி சொல்லக் கூடாதுடி, வேர் விடாது!"

"பஸ் டிரைவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிடுச்சும்மா."

"அப்ப அந்த பஸ்ஸையே கொண்டுபோய் நட்டு வை!"

மூன்று பேரும் காப்பி சிந்தச் சிரித்தோம். கிளை என்னவோ பட்டுத்தான் போனது.

நான் போகப்போகிற முதியோர் இல்லத்து அறையில் ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பை வைக்கத்தான் இடம். தரையிலும் தொட்டி கூடாதாம், சக்கர நாற்காலி திரும்ப வேண்டுமாம். அது கிடக்கட்டும். குளிர்காலத்துக்காகச் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டேன். சனிக்கிழமை எஸ்கில் உன்னிடம் கொண்டுவருவான். குளிர்ந்த அறையில், வெளிச்சம் படும் ஜன்னலில் வை. மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். இலையுதிர்ந்து வெறும் குச்சியாக நின்றாலும் செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதே. மார்ச்சில் துளிர்க்கும்.

ஆறு வருஷமாக நீ ஒரு வார்த்தை பேசவில்லை, நானும்தான். இப்போதும் நன்றி மட்டும் சொல்லிவிடாதே. வேறு என்ன வேண்டுமானாலும் சொல். திட்டினாலும் சரி.

உன் அக்கா