அடுத்த அறை பிரெய்ல் பிரிண்டர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பாசஞ்சரில் விழுப்புரம் – திண்டிவனம். ஜன்னல் இருக்கை. எதிரே ஓர் அம்மா வழியெல்லாம் மல்லாட்டை உரித்தபடி. எனக்கும் ஒரு கை கடலை கிடைத்தது.

பார்வையற்றோர் மையத்தில் கணினிகளை இணைக்கும் வேலை இன்று தொடக்கம். நிலவரம்:

பார்வையில்லாத கஸ்தூரியின் மேஜையில் விண்டோஸ் கணினி. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும். அடுத்த அறையில் யாரோ நன்கொடையாகத் தந்த பழைய லினக்ஸ் கணினி. பிரெய்ல் பிரிண்டர் அதோடு இணைந்தது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கஸ்தூரி எதை அடித்தாலும் கண் தெரிந்த ஒருவர் பென்டிரைவில் எடுத்துப்போய் அச்சடித்துத் தர வேண்டும்.

"பக்கத்து பக்கத்து வீடு சார். பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல" என்றார் கஸ்தூரி.

பதினோரு வருடமும் அவர் இங்கேதான், பாடப்புத்தகங்களைப் பிரெய்லுக்கு மாற்றிக்கொண்டு. எம்.ஏ., பி.எட். ஆனாலும் காலாண்டு வினாத்தாள் தயாரிக்கும் வேலை அவருக்கு வந்ததில்லை. வினாத்தாள் இரண்டாவது ஆள் கையில் படக்கூடாது. அதனால் ஒவ்வொரு முறையும் சென்னைக்குப் போகிறது.

பொறுப்பாளர் டேவிட்: "வெள்ளிக்கிழமைக்குள்ள தனியா அடிச்சுக் காட்டிட்டாங்கன்னா, இந்த வாட்டி இங்கயே வச்சிக்கலாம் சார். இல்லன்னா சென்னைதான்."

ஐந்து நாள். போதும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாங்கியவை: கேபிள், கிளிப், ஆணி. சுத்தியலை வீட்டிலேயே மறந்தாயிற்று. டீக்கடையில் இரவல். டேவிட்டின் கணினி உட்பட மூன்றையும் கேபிளால் இணைத்தாயிற்று.

லினக்ஸில் சாம்பா போட்டேன். லினக்ஸின் கோப்புறைகளையும் பிரிண்டரையும் விண்டோஸுக்குக் காட்டுகிற மென்பொருள். கஸ்தூரி தன் மேஜையிலிருந்தே ஒரு கோப்புறையில் பாடத்தைப் போட்டால், லினக்ஸ் அதை எடுத்துப் புள்ளிகளாக்கி அச்சடிக்கும். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஆனால் கடவுச்சொல் கேட்கிறது. கொடுத்தால் மறுக்கிறது. மதியம் முழுக்க இதே.

"ரொம்ப பேஜாரு பண்ணுதா சார்?"

"கொஞ்சம்மா."

நாலு மணிக்குப் பொறுமை போயிற்று. கடவுச்சொல்லே வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்டேன். உடனே அடுத்த அறையில் டக டக டக. கஸ்தூரி சுவரைத் தடவிக்கொண்டே ஓடினார். சூடாக வந்த தாளில் விரல் ஓட்டி, "நான் அடிச்சதுதான் சார். ஒரு எழுத்து மாறல" என்றார்.

நல்ல தூக்கம்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. ரயில் தாமதம். குடை ஒழுகுகிறது (கம்பி மாற்ற வேண்டும்).

கஸ்தூரி மாதிரி வினாத்தாள் ஒன்று செய்தார், பத்துக் கேள்விகள். சேமித்த கொஞ்ச நேரத்தில் வாசல் அறையிலிருந்து டேவிட்டின் குரல்: "கஸ்தூரி, அந்த ஏழாவது கேள்வி பசங்களுக்குக் கஷ்டமில்ல?"

கஸ்தூரி இயர்ஃபோனைக் கழற்றி வைத்தார். "சார், அவர் எப்படிப் பார்த்தாரு?"

யாரும் பார்க்கலாம். நான்தானே திறந்துவிட்டேன். டேவிட்டைக் குற்றம் சொல்ல முடியாது. "ஸ்க்ரீன்ல வந்து நின்னுக்கினு இருந்துச்சி சார், தொட்டேன், தொறந்துக்கிச்சி" என்றார்.

ஆசிரியராக முப்பத்தோரு வருடம் வினாத்தாள் கட்டுகளின் முத்திரையை இரண்டு பேர் முன்னால் சரிபார்த்த பிறகே பிரித்தவன். இன்று கட்டை நடுத்தெருவில் அவிழ்த்து வைத்துவிட்டேன்.

டேவிட் தயங்கி: "அப்ப சென்னைக்குச் சொல்லிடட்டுமா?"

"வெள்ளின்னு தானே சொன்னீங்க? இன்னிக்கு புதன்" என்றார் கஸ்தூரி.

திரும்பும் ரயிலில், விக்கிரவாண்டி தாண்டும்போது பிடிபட்டது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்காது. பிள்ளை வந்து நின்றாலும் வகுப்பாசிரியர், நீ யார் என்பார். லினக்ஸுக்குக் கஸ்தூரியைத் தெரியும். சாம்பாவுக்குத் தனிப் பதிவேடு. அதில் பெயர் ஏற்றவே இல்லை நான்.

வீட்டில் மனைவி: "என்னா, நனைஞ்சிக்கினு வந்தும் சிரிப்பு?"

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில்.
1. பொதுத் திறப்பை மூடினேன்.
2. சாம்பா பதிவேட்டில் கஸ்தூரி. ஒருவர் மட்டும்.
3. கடவுச்சொல், அவரே.

லினக்ஸ் கணினி பேசாது. அதன் முன் அவரை உட்கார வைத்து, "இப்ப அடிங்கம்மா. அடிக்கிறது திரையில வராது. நட்சத்திரக்குறிகூட வராது" என்றேன்.

"உங்களுக்குமா?"

"எனக்குந்தான். யாருக்கும் தெரியாது."

"அப்ப இந்த ஒரு இடத்துல நீங்களும் நானும் ஒண்ணு சார்."

இருந்தாலும் விரல்கள் தெரியுமே. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு முறை அடிக்க வேண்டும். முதல் தடவை இரண்டும் பொருந்தவில்லை. மறுமுறை சரி.

அவர் மேஜையில் கோப்புறை திறந்தது. டேவிட் தன் கணினியில் மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் மறுப்பு. அவருக்கே சந்தோஷம்.

பிறகு கஸ்தூரி கேட்டார்: "நீங்க தொறந்து பார்க்கலாமா சார்?"

முடியாது என்றால் நம்பியிருப்பார். "பார்க்கலாம்மா. தலைமை ஆசிரியர் கையில எல்லா ரூம் சாவியும் இருக்குமே, அது மாதிரி ஒண்ணு என்கிட்ட இருக்கு."

"அதுவும் எனக்கு வேணும்."

நியாயம். அதையும் மாற்றினார். நான் மறுபடி சுவரைப் பார்த்தேன். புதிய கடவுச்சொல்லைப் பிரெய்லில் குத்தி, உறையில் போட்டு, அரக்கு வைத்து பீரோவில். உறையின் மேல் டேவிட் கையெழுத்து. இனி அந்தக் கணினிக்குள் என்னால் போக முடியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லேசான மேகம். குடை கொண்டுபோகவில்லை.

காலையிலிருந்து கஸ்தூரி வினாத்தாளில். இயர்ஃபோன். சாப்பாட்டு டப்பா திறக்கவில்லை. மூன்று மணிக்கு வினாத்தாளைக் கோப்புறையில் போட்டுவிட்டு எழுந்து, அடுத்த அறை வாசலில் நின்று, "சார், நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார். உள்ளே தாழ்ப்பாள். பிறகு, அணைத்து வைத்திருந்த பிரிண்டரின் சுவிட்ச் சத்தம்.

வராந்தா பெஞ்சில் டேவிட்டும் நானும். அவர் கையில் போன். டீ ஆறிக்கொண்டிருந்தது. டக டக டக. ஒரு பக்கம். இன்னொன்று.

"எத்தனை பக்கம் சார்?"

"தெரியலையே."

சத்தம் நின்றுவிட்டது. காத்திருந்தோம். வரவில்லை. கதவருகே போனேன்.

"ஏதாவது பார்க்கணுமாம்மா?"

"உக்காருங்க சார். பேப்பர் தீந்துடுச்சி, போட்டுக்கினு இருக்கேன்."

மறுபடி டக டக. டேவிட் சென்னைக்குப் போன் போட்டார்: "இந்த வாட்டி உங்களுக்கு அனுப்பல சார். இங்கயே ஆயிடுச்சி."

உட்கார்ந்தேன். உள்ளே இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.