தலைமையாசிரியர் பிரித்த கடிதம்

பல்லேபொல,
22.11.1964.

மதிப்புக்குரிய இத்ரூஸ் மாஸ்டர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் சுகம். சம்மாந்துறைப் பக்கம் மழை வலுத்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நீங்களும் உங்கள் உம்மாவும் கவனமாக இருங்கள்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன், நன்றி பிறகு. ஊர்த் தபால்காரர் வாய்க்குப் பயந்து, அரசாங்கக் கந்தோர்க் கடிதம் போல மண்ணிற உறைக்குள் வைத்துப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பினீர்களே, நீங்களும் ஓர் ஆசிரியர்தானே? மண்ணிற உறை யார் பெயருக்கு வந்தாலும் தலைமையாசிரியர்தான் பிரிப்பார் என்று தெரியாதா? இடமாற்றம், லீவு மறுப்பு எல்லாம் அதற்குள்தானே வரும்! எங்கள் ஆறுமுகநாதன் மாஸ்டரும் வழக்கம்போலப் பிரித்து, ஆசிரியர்கள் எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிக்கத் தொடங்கினார். அன்புள்ள ஜுனைதாவுக்கு என்றதோடு குரல் நின்றது. அவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இது கந்தோர் விஷயம், பிறகு பார்ப்பம் என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று பிள்ளைகளுக்கு என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. பள்ளி விட்டதும் கடிதத்தைக் கையில் தந்து, முழுக்க வாசிச்சுப்போட்டன் பிள்ளை, குறை நினையாதேங்கோ என்றார். அவ்வளவுதான். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

போன வாரம் சனிக்கிழமை காலையில் பார்த்தால், மனிதர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து நிற்கிறார்! வாப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பொடியன் கடிதத்திலை உங்கட மூச்சு இழுப்புக்கு என்ன மருந்து எடுக்கிறியள் எண்டு விசாரிச்சிருக்கிறான், உங்களைத் தனிய விடக்கூடாதெண்டு இஞ்ச பக்கத்திலை மாத்தளைக்கு இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கிறான், உந்தப் பொடியனை விட்டுடாதேங்கோ நானா என்றார்.

போன வருடம் உங்கள் சாச்சா பெண் கேட்டு வந்தபோது, தெரியாத ஊருக்குப் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர்தானே என் வாப்பா? அவர் கடிதத்தைக் காட்டு என்றுகூடக் கேட்கவில்லை. மூணாம் மனுசரே வந்து சொல்றாங்க, நான் எதுக்கு வாசிக்கணும், அந்தப் புள்ளயோட உம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க என்றார். அல்ஹம்துலில்லாஹ்! அழுதுகொண்டே ஊற்றிய தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன். மாஸ்டர் அதை அப்படியே குடித்து முடித்தார், பாவம்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? கண்டியில் விடுமுறைப் பயிற்சியின்போது வாப்பாவின் இழுப்பைப் பற்றி ஒரே ஒரு தரம் சொல்லியிருப்பேன். அதை மனதில் வைத்திருந்தீர்களே! எனக்கு எழுதிய கடிதத்தில் அவருக்காக எழுதியதுதான் அதிகம். அதனாலேயே உங்கள் மேல் ஆசையும் கூடிவிட்டது. எழுதியாகிவிட்டது, இனி வெட்ட மாட்டேன்.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. உங்களுக்கு மாற்றம் கிடைக்குமோ, கிடைக்காதோ? கிடைக்காவிட்டால் நான் சம்மாந்துறைக்கு வந்துவிட, வாப்பா இங்கே தனியேதானே? வாப்பாவும் அதை யோசித்திருக்கிறார். என் உம்மா மௌத்தான பிறகு அடுப்படி என் பொறுப்புத்தான். அவர் அரிசி கழுவியும் அறியார். அந்தச் சனிக்கிழமை முதல் என்னைக் குசினிக்குள் விடுவதில்லை. ஒனக்குப் பள்ளிக்கூட வேல இருக்கு, போ என்று தானே அடுப்பு மூட்டுகிறார். ஏன் வாப்பா என்றால், பழகிக்கிறேன் மகள் என்கிறார். புகையில் இருமுகிறார். சோறு தினமும் அடிப்பிடிக்கிறது. நான் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன்.

விடுமுறை விட்டதும், நோன்புக்கு முன், உங்கள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெள்ளம், பாதையில்லை என்று நின்றுவிடாதீர்கள். அன்றைக்கும் வாப்பாதான் சமைப்பார். கருகியிருந்தாலும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடிந்ததும், இனி நீங்கள் அடுப்புப் பக்கம் போக வேண்டாம் மாமா என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்லப் போனால் அழுதுவிடுவேன்.

வஸ்ஸலாம்.

உங்கள் வரவுக்காகத் துஆச் செய்யும்,
ஸெ. ஜுனைதா.