குழந்தைச் சீற்

14.03.1998, சனி இரவு. பென்டில் ஹில்.

நித்திரை வரவில்லை. காலையில் லண்டனிலிருந்து அண்ணா போன் எடுத்தார்.

"புதன்கிழமை வாறன். ஒருத்தரும் எயார்போர்ட்டுக்கு வர வேண்டாம். சிற்றிக்குள்ள ஹோட்டல் போட்டிட்டன். அங்க போக ஒரு கார் மட்டும் புக் பண்ணிவிடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "குழந்தைச் சீற்றும் வேணுமெண்டு சொல்லு. அம்மாவுக்கு இப்ப சொல்லாத," என்றார். நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அவருக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மா ஒரு பெண்ணின் படத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அண்ணா வாறதையும் ஹோட்டலையும் மட்டும் சொன்னேன். ஹோட்டல் என்றதும் அம்மாவுக்குக் கோபம். "எங்கட வீடு இருக்க ஏன் ஹோட்டல்? நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்று புதன்கிழமைக்குச் சேலையும் எடுத்து வைத்துவிட்டார். யார் வந்தாலும் இரண்டு வான் நிறைய எயார்போர்ட்டுக்குப் போகிற குடும்பம் இது. எப்படி மறிப்பேன்?

பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போனபிறகு கார்க்காரருக்கு எடுத்தேன். போனில் பேசிய பெண் விமானம், ஹோட்டல், பெயர் எல்லாம் கேட்டாள். சொன்னேன். பிறகு, குழந்தைக்கு என்ன வயது, அதற்கேற்ற சீற் வைக்க வேண்டும் என்றாள். திரும்ப எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

லண்டனில் இப்போது பகல்தான், கேட்கலாம். ஆனால் போன் அம்மாவின் அறை வாசலில் இருக்கிறது. உள்ளே இன்னும் லைட் எரிகிறது.

வயது என்ன, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அண்ணாவின் பிள்ளைக்கு மாமியாம் நான்.